அதே புதுடில்லி ஸ்டேஷனுக்கு, இந்த முறை தரைவழியாக

கேள்வி: 2009-ல், 22 வயதில், அலுவலகப் பயிற்சி ஒன்றுக்காகத் தனியாக டில்லி போனேன். நள்ளிரவில் விமானம் இறங்கியது. விடிவதற்குள் புதுடில்லி ரயில் நிலையத்துக்குப் போய் ஆக்ராவுக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர், வெளிநாட்டவருக்கான டிக்கெட் அலுவலகம் தீப்பிடித்துவிட்டது என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஏதோ ஒரு பயண முகவர் அலுவலகத்தில் 300 டொலருக்கு ஒரு கார்ப் பயணத்தைத் தலையில் கட்டினார்கள். மிச்ச நாளெல்லாம் பயிற்சிக்குப் போவதும் அறைக்குத் திரும்புவதும்தான். இப்போது தோழி ஒருத்தியுடன் மூன்று வாரம், முதுகுப் பையோடு, முடிந்தவரை விமானம் இல்லாமல் டில்லி வரை போக ஆசை. கையில் பெரிய பணம் இல்லை. முடியுமா? அந்த ஊருக்கே திரும்பிப் போவது புத்தியா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும். புத்தியும்தான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே 'தீப்பிடித்த அலுவலகம்' கதையை 1996-லேயே எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பி ஆட்டோவில் ஏறினேன். அந்த அலுவலகம் இத்தனை வருடமாக எரிந்துகொண்டே இருக்கிறது!

உங்கள் கதையில் டில்லியின் குற்றத்தைவிட நேரத்தின் குற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தூக்கமில்லாமல், இருட்டில், முழுப் பொதியோடு, இந்தியாவில் கால் வைத்த முதல் நான்கு மணி நேரத்துக்குள் அந்த நாட்டின் மிக நெரிசலான ரயில் நிலையங்களில் ஒன்றில் போய் நின்றிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். தரைவழியின் பெரிய லாபம் பணமல்ல. டில்லி கடைசியாக வரும். அதற்குள் ரயில், லாட்ஜ், ஆட்டோ பேரம் எல்லாம் கைக்குப் பழகியிருக்கும்.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்தப் பாதையில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும். காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடாது. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவில் மூடுபனி, ரயில்கள் ஐந்து ஆறு மணி நேரம் தாமதமாவது அங்கே சர்வசாதாரணம். ஏப்ரல் பாதிக்குப் பிறகு டில்லி வெயில் 40 பாகையைத் தாண்டும். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரை. அதிலும் ஹோலிப் பண்டிகையை ஒட்டிய நான்கைந்து நாட்கள் வடக்கே ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரம் ஓர் ஊரில் அசையாமல் இருங்கள்.

அடுத்தது விசா. இந்தியாவின் இ-விசா இலங்கையருக்கு உண்டு, ஆனால் அரசின் பட்டியலில் உள்ள நுழைவிடங்கள் வழியாக மட்டும்தான் அதைக் காட்டி நுழையலாம். கப்பலில் போகிறவர்கள் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் சாதாரண விசாவை எடுப்பதே நிம்மதி. கரை இறங்கிய பின் வாக்குவாதம் வேண்டாம்.

கொழும்பிலிருந்து வடக்கே போவது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதல்ல. உங்கள் வீட்டு வாசலிலேயே காலி வீதியில் யாழ்ப்பாண இரவு பஸ் நிற்கும். ரயில் பிடிக்கும் என்றால் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரைக்குமே போகலாம். இந்தக் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, வானிலையால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாகையிலிருந்து வரும் கப்பலே அன்று திரும்பிப் போகும், பயணம் சுமார் நான்கு மணி நேரம். காற்று எழும்பினால் ரத்து. ஆகவே கப்பல் நாளுக்கும் சென்னையில் எடுத்து வைத்திருக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் இடைவெளி வையுங்கள். இன்னொன்று, கட்டணத்தில் இது விமானத்தைவிட அப்படியொன்றும் மலிவல்ல. பணம் மிச்சம் என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம்தான். பொதி எடைக்கும் வரம்பு உண்டு, எட்டு கிலோவுக்குள் அடுக்குங்கள்.

நம் தாத்தாமாருக்கு இது புதினமே இல்லை. 1914 முதல் கோட்டையில் இரவு ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் பிடித்துச் சென்னை எழும்பூரில் இறங்கியவர்கள் அவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரம் வரைக்கும் ஓடிய மிச்சக் கப்பலும் எண்பதுகளில் நின்றது.

நாகையில் இறங்கிய இரவே சென்னைக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் வேளாங்கண்ணி இருக்கிறது, யாத்திரிகர்களுக்கான மலிவு அறைகள் நிறைய. நம் ஊர் ஆட்களைப் பார்த்துப் பழகிய இடம். லாட்ஜில் முதலில் இந்தியரின் அடையாள அட்டையான ஆதாரைத்தான் கேட்பார்கள். கடவுச்சீட்டை நீட்டியதும் முகம் மாறும். வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் 'சி படிவம்' என்ற பதிவைச் செய்தாக வேண்டும், சின்ன லாட்ஜ்களுக்கு அந்த வசதி இராது. உங்களை வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?" என்று ஒரு வரி கேட்டு, பதிலைப் போனில் வைத்திருங்கள். டில்லி வரைக்கும் இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். நம்மைப் பார்த்தால் வடக்கில் எல்லோருக்கும் 'மதராஸி'தான், அட்டை கேட்கும் வரைக்கும் நாம் வெளிநாட்டவர் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் அது பெரிய வசதி, லாட்ஜ் மேசையில் மட்டும் தொல்லை.

சென்னையில் இரண்டு நாள். சிம் அங்கேயே எடுங்கள், கடவுச்சீட்டு, விசாப் பிரதி, புகைப்படம் கேட்பார்கள். டீக்கடை முதல் ஆட்டோ வரை எல்லோரும் கியூஆர் அட்டையை நீட்டுவார்கள். நம் வங்கிச் செயலி அதற்குச் சரிவராது, அதனால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு கையில் வேண்டும். நாகையிலிருந்து வரும் ரயில்கள் எழும்பூர்ப் பக்கம் வரும், டில்லி ரயில் சென்ட்ரலில் புறப்படும். இரண்டும் வெவ்வேறு நிலையங்கள் என்பதை மறந்து ரயிலை விட்டவர்கள் உண்டு.

1976-ல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் சென்ட்ரலில் கிளம்பி, இரண்டு இரவுக்குப் பின் காலையில் புதுடில்லி சேரும். சுமார் 2,180 கிலோமீட்டர். ஸ்லீப்பர் வகுப்பு ஆயிரம் இந்திய ரூபாய்க்குள் முடியும். ஆனாலும் நீங்கள் இரண்டு பெண்கள், முதல் நீண்ட பயணம், மூன்றடுக்கு ஏசியே எடுங்கள். சிக்கனம் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. மேல் படுக்கை கேளுங்கள், பையைச் சங்கிலியால் சீட்டுக் காலில் பூட்டுங்கள், சங்கிலி நிலையத்திலேயே விற்கும். பொதுமக்களுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்ததும் முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிடுங்கள். 'காத்திருப்போர் பட்டியல்' டிக்கெட்டோடு யாரும் உங்களைப் படுக்கையில் விடமாட்டார்கள்.

ஆனால் டில்லி வரை ஒரே மூச்சில் போகாதீர்கள். நான் சொல்லும் முக்கியமான விஷயமே இதுதான். போபாலில் இறங்குங்கள். அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள் பௌத்தத் தூபிகளின் ஊரான சாஞ்சி. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்தரின் தாயின் ஊரான விதிசா அதற்குப் பக்கத்தில்தான். அதனால் சிங்கள யாத்திரிகர்கள் விடாமல் வருகிறார்கள், ரயில் நிலையத்தின் அருகே இலங்கை மகாபோதி சங்கத்தின் விடுதியும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் நடுவில் ஒரு பிக்குவோடு சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி அறை கேட்கும் வாய்ப்பு கொழும்பு ஆளுக்குத்தான் கிடைக்கும். சென்னையில் எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனிலும் மகாபோதி சங்கத்துக்கு ஒரு மடம் உண்டு.

சாஞ்சியில் இரண்டு இரவு, ஆக்ராவில் ஒரு இரவு. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், நாளைப் பார்த்துப் போங்கள். நுழைவுச்சீட்டில் நம்மவர்கள் பலர் வீணாகப் பணம் கொடுக்கிறார்கள். இலங்கை சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடு. வெளிநாட்டவருக்கு 1,100 இந்திய ரூபாய் வாங்கும் தாஜ்மகாலில் சார்க் கடவுச்சீட்டுக்கு 540. டில்லியில் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் மற்ற வெளிநாட்டவர் 600 கொடுக்க, நாம் இந்தியரைப் போல 40 கொடுத்தால் போதும். கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டி "சார்க்" என்று சொல்லுங்கள். பிரதி மட்டும் இருந்தால் முணுமுணுப்பார்கள், அசலைக் கொண்டுபோங்கள்.

இப்போது டில்லி. ஆக்ராவிலிருந்து காலை ரயில் பிடித்தால் மூன்று மணி நேரத்தில், பகல் வெளிச்சத்தில், இரவு தூங்கிய கண்ணோடு இறங்குவீர்கள். புதுடில்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம். ஒன்றாம் மேடைப் பக்கம் பஹார்கஞ்ச், நீங்கள் மாட்டிக்கொண்டது அநேகமாக அங்கேதான். மறுபக்கம் அஜ்மேரி கேட், மெட்ரோ இருப்பது அந்தப் பக்கம். முதல் நாள் அஜ்மேரி கேட் பக்கமாக இறங்கி, யாரோடும் பேசாமல் மெட்ரோவுக்குள் போய்விடுங்கள். 2009-லும் மெட்ரோ அங்கே இருந்தது, பாவம், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது பாதை ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஊரின் எந்த மூலைக்கும் நூறு ரூபாய்க்குள். ஒரு பெட்டி பெண்களுக்கு மட்டும். மஞ்சள் பாதையில் நேரே ஹவுஸ் காஸ் போனால் பெண்களுக்குத் தனி அறையுள்ள ஹொஸ்டல்கள் அந்தப் பக்கம் கிடைக்கும். ஆர்.கே.புரம் மலை மந்திரும் அங்கிருந்து தூரமில்லை. மாலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் நாலு பேர் தமிழ் பேசிக்கொண்டு நிற்பார்கள், சந்தேகம் கேட்க அதைவிட நல்ல இடம் டில்லியில் இல்லை. பணம் இறுகினால் பங்களா சாஹிப் குருத்வாரா என்ற சீக்கியர் கோயிலில் லங்கர் எனும் இலவசச் சாப்பாடு, தலையை மூடி, செருப்பைக் கழற்றி, பந்தியில் உட்கார்ந்தால் சரி. யாரும் யார், எவர் என்று கேட்பதில்லை.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு, பையெல்லாம் அறையில் வைத்துவிட்டு, கடவுச்சீட்டோடு மட்டும் பஹார்கஞ்ச் பக்கம் போங்கள். யாராவது நிச்சயம் வழிமறிப்பார்கள். அட்டை இருக்கும், ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், "உங்கள் டிக்கெட் உறுதியாகவில்லை" அல்லது "அலுவலகம் இடம் மாறிவிட்டது" என்பார்கள். நின்று பதில் சொல்லாதீர்கள், "வேண்டாம்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். எந்த வார்த்தையும் பேச்சின் தொடக்கம்தான். நிலையக் கட்டடத்தின் முதல் மாடிக்குப் படியேறுங்கள். வெளிநாட்டவருக்கான டிக்கெட் அலுவலகம் அங்கே எரியாமல் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் சென்னைக்குத் திரும்பும் டிக்கெட்டை அங்கேயே எடுங்கள். வீட்டிலிருந்தபடி எடுக்கலாம்தான், ஆனால் உங்களுக்கு இது அந்தக் கவுண்டரில்தான் எடுக்க வேண்டிய டிக்கெட். டிக்கெட்டின் நிலை பற்றி எவன் என்ன சொன்னாலும் 139-ஐ அழைத்து நீங்களே கேளுங்கள், அவசரத்துக்கு 112.

செலவு: தங்க, சாப்பிட, ஊருக்குள் அலைய நாளுக்கு ஆளுக்கு 1,500 இந்திய ரூபாய் வைத்தால் நெருக்கடி இராது. இரண்டு பேர் அறையைப் பங்கிட்டால் 1,200-லும் ஓட்டலாம். நம் காசில் மூன்று மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீண்ட ரயில்களும் கப்பலும் தனி. டொலராகக் கொண்டுபோய்ச் சென்னையில் மாற்றுங்கள், வங்கி அட்டை ஒன்று பையின் அடியில் கிடக்கட்டும்.

திரும்பும்போது மட்டும் கப்பலை நம்பி விடுமுறையின் கடைசி நாளை வைக்காதீர்கள். நாகையில் இரண்டு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார நேர்ந்தால், சென்னைக்கு பஸ் ஏறி விமானத்தில் வர ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.