குளிர்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கேள்வி: கனடாவின் வின்னிபெக் நகரில் பல ஆண்டுகளாக வாழும் என் தம்பி, டிசம்பரில் மனைவி, இரண்டு வயது மகள், 71 வயது மாமியார் ஆகியோருடன் மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்க வருகிறான். அந்த அம்மையாரும் அவர் மகளும் வெப்ப நாடு எதற்கும் சென்றதில்லை. அம்மையார் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எங்களுடையது செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள ஒற்றைத் தள வரிசை வீடு. மூன்று அறைகளில் எங்கள் அறைக்கு மட்டுமே ஏர்கோன் உண்டு. இன்னும் இரண்டு வாங்கலாம் என்பது என் எண்ணம்; காற்றாடியே போதும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: ஒன்று வாங்குங்கள், இரண்டு வேண்டாம். புதியதைத் தம்பி குடும்பம் படுக்கும் அறையில் பொருத்திவிட்டு, உங்கள் அறையை அந்த அம்மையாருக்குக் கொடுத்துவிடுங்கள். நம் உடம்புக்குப் பழகிய வெப்பம் என்பதால், நீங்களும் கணவரும் மூன்று வாரம் காற்றாடியின் கீழ் உறங்குவதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

விருந்தினரை வாட்டப்போவது வெயிலைக் காட்டிலும் காற்றிலுள்ள ஈரம்தான். நம் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 34 பாகை செல்சியஸ் வரையில் நிற்கும். கனடாவிலும் கோடையில் அவ்வளவு வெப்பம் வரும் நாட்கள் உண்டு. ஆனால் இங்கே இரவில் வெப்பம் 24 பாகைக்கு இறங்கும்போது காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. வியர்வை வெளிவருவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாக வேண்டும்; மழை நாளில் கொடியில் போட்ட துணியைப் போல, ஈரக் காற்றில் அது தோலிலேயே தங்கிவிடுகிறது. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டியிருப்பதால், பகலைச் சமாளித்துவிடும் விருந்தினர்கூட இரவில் புரண்டு புரண்டு படுப்பார். ஆகவே செலவழிக்கும் பணம் படுக்கையறைக்கே போக வேண்டும். கூடத்துக்கு ஏர்கோன் போடுவது, கதவு திறந்து மூடும் நம் வீடுகளில், மின்கட்டணத்தைத்தான் வளர்க்கும்.

சாதாரண அளவுள்ள படுக்கையறைக்கு ஒரு குதிரைசக்தி இயந்திரம் போதும். அதை 25 அல்லது 26 பாகையில் வைத்து, மேலே காற்றாடியையும் மெதுவாகச் சுழலவிட்டால் அறை போதிய அளவு குளிரும், ஈரமும் வடியும். "பாவம், குளிர்நாட்டுக்காரர்கள்" என்று இரக்கப்பட்டு 18 பாகைக்கு இறக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிக் குளிரூட்டிய அறைக்கும் வெப்பமான கூடத்துக்கும் இடையே நாள் முழுதும் நடமாடினால் அவர்கள் உடம்பு இரண்டுக்கும் பழகாது. பழைய இயந்திரத்தை அவர்கள் வருவதற்கு முன்பே சர்வீஸ் செய்துவிடுங்கள். துவைத்த துணியை அந்த அறைகளில் உலர்த்த வேண்டாம்.

வின்னிபெக்குக்கும் நமக்கும் டிசம்பரில் 14 மணி நேர வேறுபாடு இருக்கிறது என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் சில நாள் விருந்தினர் பின்னிரவில் விழித்திருந்து, பிற்பகலில், அதாவது கூரையும் மேற்குச் சுவரும் காய்ந்து கிடக்கும் வேளையில், கண்ணயர்வார்கள். எனவே புதிய ஏர்கோனை எந்த அறையில் பொருத்துவது என்பதில் உங்களுக்குத் தேர்வு இருந்தால் மேற்கு வெயில் படாத அறையாகப் பாருங்கள். இல்லையென்றால் தடித்த திரையாவது போடுங்கள். அதே வேளையில் கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரும் சுடும். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் சிறிது நேரம் ஓடவிட்டுக் கையால் பார்த்துக்கொள்வது நல்லது.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. இந்தப் பழக்கம் குளிர்நாட்டில் சில வாரங்களிலேயே கலைந்துவிடும் என்பதால், "நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்" என்று தம்பி முதல் நாளே நண்பகலில் ஊர் சுற்றக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அவர் உடம்பும் இப்போது வின்னிபெக் உடம்புதான். முதல் வாரம் வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்து, மாலையில் ஒரு நடை போய்வாருங்கள். பேரங்காடியின் குளிரிலேயே அவர்களை வைத்திருந்தால் உடம்பு பழகவே பழகாது. குளிர்ச்சியான கேமரன் மலைக்குப் போகும் பயணத்தை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மையாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. அதோடு இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில சிறுநீரைக் கூட்டுபவை, சில உடம்பு வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறைப்பவை. புறப்படுமுன் தம் மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி ஆலோசனை பெறச் சொல்லுங்கள். இங்கு வந்தபின் தாமாகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. சம்பந்தி வீட்டுக்காரர் என்ற கூச்சத்தில் அவர் எதையும் கேட்டு வாங்கமாட்டார் என்பதால், வேளைக்கு ஒரு தரம் தண்ணீரோ, ரசமோ, நீர்மோரோ நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் குளிர்ந்த அறையில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, காற்றாடியைப் போடுங்கள். பேச்சு தடுமாறினாலோ, தெளிவு குறைந்தாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். தாமதிக்காமல் 999 எண்ணுக்கு அழையுங்கள்.

குழந்தைக்கு வேர்க்குரு வரத்தான் செய்யும். தளர்ந்த பருத்திச் சட்டை, இரண்டு வேளைக் குளியல், இவை போதும். மாவைப் போலப் பவுடரை அப்பவேண்டாம்.

அடுத்தது கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சல். ஏடிஸ் கொசு காலையிலும் அந்திக்கு முன்னரும் அதிகமாகக் கடிப்பதால் இரவில் மட்டும் வலை கட்டிப் பயனில்லை. குழந்தையின் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், விருந்தினர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, கூரைத் தகரத்தின் நீர்த்தாரை ஆகியவற்றைப் பாருங்கள். புதிய ஏர்கோனின் நீர் வடியும் வாளியையும் மறவாதீர்கள். அதை மறந்தால் குளிருக்குச் செலவழித்து, கொசுவையும் சேர்த்து வளர்த்ததாகிவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 20 விழுக்காடு இக்காரிடின் கலந்த கொசுத்தடுப்பு பொருத்தமானது. அதைக் கனடாவிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாம்.

மின்கருவிகளைக் கொண்டுவரும் முன் தம்பி யோசிக்கட்டும். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ட், நம்முடையது 230 முதல் 240 வரை. கைப்பேசி மின்னூட்டிகள் இரண்டையும் தாங்கும். தலைமுடி உலர்த்தி போன்றவை இங்கே செருகிய மாத்திரத்தில் கருகிவிடலாம். சமையலில் ஒரே எச்சரிக்கை: தேங்காய்ப்பால் சேர்த்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள்.

டிங்கிக் காய்ச்சல் கடிபட்ட 4 முதல் 10 நாட்களுக்குள் தலைகாட்டும் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் அது வரலாம். திரும்பிய இரண்டு வாரத்துக்குள் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், மலேசியாவில் தங்கியிருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பரிசோதனை முடியும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டுமே சாப்பிடலாம்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டையும் தொடக்கூடாது.