கொட்டாவி ஓயவில்லை என்றால் ஆக்ஸிஜன் குறைவா?

கேள்வி: எனக்கு வயது 44. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரவில் ஏழு மணி நேரம் தூங்கியும், சில மாதங்களாகப் பகலெல்லாம் கொட்டாவி வருகிறது. ஆக்ஸிஜன் குறைவோ என்று பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் பார்த்தால் 98 காட்டுகிறது. வேறு என்ன காரணம்?

பதில்: ஆக்ஸிஜன் குறைவதால்தான் கொட்டாவி வருகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் குழுவினர், மாணவர்களைத் தூய ஆக்ஸிஜனையும் கரியமில வாயு மிகுந்த காற்றையும் மாற்றி மாற்றிச் சுவாசிக்க வைத்தபோது, கொட்டாவியின் எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. காற்றையே சுவாசிக்காத கருவிலுள்ள சிசுவும் கொட்டாவி விடுவதை ஸ்கேனில் காண்கிறோம். தூக்கத்திலிருந்து விழிப்புக்கோ, விழிப்பிலிருந்து தூக்கத்துக்கோ மூளை மாறும் வேளைகளில்தான் அது மிகுதியாக வருகிறது. சூடேறிய மூளையைக் குளிர்விக்கவே கொட்டாவி என்ற கருத்தும் உண்டு. நெற்றியில் குளிர்ந்த ஒத்தடம் வைத்தவர்களுக்குக் கொட்டாவி குறைந்தது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது என்றாலும், அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது தூக்கத்தின் தரத்தை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் ‘ஸ்லீப் ஏப்னியா’ உள்ளவர்களுக்கு, அடைப்பு ஏற்படும்போதெல்லாம் மூளை கணநேரம் விழித்துக்கொள்வதால், எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் களைப்புத் தீராது; காலையில் அந்த விழிப்புகள் நினைவிலும் இராது. ஆக்ஸிஜன் அளவு இறங்குவதும் அந்த அடைப்பின்போதுதான் என்பதால், பகலில் கருவி காட்டும் 98-ஐ வைத்து இந்நோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. பலத்த குறட்டை, காலைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

அடுத்து, மருந்துகள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை சிலருக்குத் தூக்கக் கலக்கமே இல்லாமல் கொட்டாவியை வரவழைக்கும். அப்படியொன்றை அண்மையில் தொடங்கியிருந்தால் தானாக நிறுத்திவிடாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொட்டாவியோடு திடீரென ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால், காரணம் தெரியும்வரை ஓட்டாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகையில் மனைவியையோ, உங்களுடன் ஒரே அறையில் உறங்கும் வேறு யாரையுமோ அழைத்துச் செல்லுங்கள்; உங்கள் குறட்டையையும் இடையில் மூச்சு நிற்பதையும் கேட்டிருக்கக்கூடியவர் அவர்தான்.