சீரமைத்த 1967 கார்வெட்டை அமெரிக்காவில் ஏலத்துக்கு விடும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி இது: 427 கன அங்குல என்ஜின் (எல்71 வகை) வைத்த 1967 செவ்ரலே கார்வெட் ஸ்டிங்ரே ஸ்போர்ட்ஸ் காரை முழுக்கப் பிரித்துச் சீரமைத்தாயிற்று. ஏலத்தில் விட்டால் நல்ல விலை கிடைக்குமா, அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கிடைக்கும். ஆனால் மினுமினுக்கும் பெயின்டை நம்பி இறங்காதீர்கள். நிலம் வாங்குகிறவர் முதலில் மூலப்பத்திரம் கேட்பதுபோல, இந்த வண்டிக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது என்ஜின் பிளாக்கில் உள்ள முத்திரையைத்தான்.

பானெட்டைத் திறந்தால், பயணி பக்கத்து (அமெரிக்க வண்டியில் வலப்புற) சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் பிளாக்கில் ஒரு சின்னத் தட்டையான மேடை தெரியும். 'பேட்' என்பார்கள். அதில் இரண்டு வரி எண்கள் இருக்க வேண்டும். ஒன்று, என்ஜின் எங்கே, என்றைக்கு, எந்த வகையாகக் கோக்கப்பட்டது என்பது. 'டி0315ஜேஇ' என்று இருந்தால் டோனவாண்டா ஆலை, மார்ச் 15, 435 குதிரைத்திறன் கொண்ட எல்71 என்று பொருள். மற்றொன்று வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என்-இன் தொடர் எண். அது கிளவ் பாக்ஸுக்குக் கீழே உள்ள தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். அந்தத் தகட்டில் எண் 19437 என்று தொடங்கினால் கூபே, 19467 என்றால் கன்வர்ட்டிபிள்.

எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அசல் பேடில் முன்பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் இருக்கும். ஆலையில் பிளாக்கைச் சீவியபோது விழுந்தவை. என்ஜினை ரீபில்ட் செய்தபோது லேத் கடைக்காரர் மேற்பரப்பை மில்லிங் செய்திருந்தால் கோடும் போயிருக்கும், முத்திரையும் போயிருக்கும். அந்த இடத்தில் யாராவது புதிதாகக் குத்தியிருந்தால், விஷயம் தெரிந்தவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தே சொல்லிவிடுவார். தேதிகளின் வரிசையும் முக்கியம். பிளாக் வார்த்த தேதி, பிறகு என்ஜின் கோத்த தேதி, அதற்குப் பிறகுதான் வண்டி வெளிவந்த தேதி. இடைவெளி பொதுவாக நாள் அல்லது வாரக் கணக்கில் இருக்கும். என்ஜினுக்குப் பிறகு வார்த்த பிளாக் என்று வந்தால் கதை முடிந்தது. பிளாக் மாற்றப்பட்டிருந்தால் 'அசல் என்ஜின் அல்ல' என்று விவரணையில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். விலை குறையும்தான். மறைத்து விற்றுவிட்டுப் பிறகு வழக்குக்கு அலைவதைவிட அந்தக் குறைவு மலிவு.

அடுத்தது காகிதம். போன்டியாக் வண்டிகளுக்கும் 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கும் ஆலைப் பதிவை விலைகொடுத்து வாங்கலாம். இந்தக் காலத்துக் கார்வெட்டுக்கு எந்தெந்த ஆப்ஷனோடு வந்தது என்று சொல்லும் அப்படிப்பட்ட பதிவு கிடையாது. அதனால்தான் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருந்த 'டேங்க் ஸ்டிக்கர்', வாரன்டி புத்தகத்தில் செருகிய உலோகத் தகடான 'புரொடெக்ட்-ஓ-பிளேட்', முதல் விற்பனை ரசீது ஆகியவற்றுக்கு அவ்வளவு மதிப்பு. ஸ்டிக்கர் இன்னும் டேங்கில் இருந்தால் உரிக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். கார்வெட் சீரமைப்பாளர் சங்கமான என்.சி.ஆர்.எஸ், வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்த்துத் தரும் 'டாப் ஃப்ளைட்' விருது இருந்தால் பெரிய பலம். அதற்கு 94 சதவீதம் எடுத்தாக வேண்டும். அங்கே ஆலை செய்ததைவிட நன்றாகச் செய்தாலும் மதிப்பெண் போகும். அன்று அடித்தது அக்ரிலிக் லாக்கர். கண்ணாடிபோல் பளபளக்கும் இன்றைய கிளியர்கோட் அங்கே குறைதான். ஏல மேடையில் அதே கிளியர்கோட்டைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

உடல் ஃபைபர் என்பதால் துருவே இராது என்று நம்புகிறவர்கள் ஏராளம். உள்ளே விண்ட்ஷீல்டைச் சுற்றியும் கதவுத் தூண்களிலும் எஃகுக் கூடு ஒன்று இருக்கிறது; 'பேர்ட்கேஜ்' என்று பெயர். தண்ணீர் தேங்கி அது அரித்திருந்தால் சரிசெய்யும் செலவு பயமுறுத்தும். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடியான கிக் பேனலைக் கழற்றி உள்ளே படம் எடுத்துப் போட்டால் பாதிச் சந்தேகம் தீரும். இன்னொன்று, பெயின்ட் தடிமனை அளக்கும், காந்தத்தில் இயங்கும் மீட்டர் ஃபைபரில் வேலை செய்யாது. அதற்கு அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும்.

ஓடும் நிலை பற்றிச் சுருக்கமாக: நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். காலிப்பர் துளைகள் வார்ப்பிரும்பு. ஈரம் ஏறினால் குழி விழுந்து எண்ணெய் கசியும். ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டிருந்தால் ரசீதைக் காட்டுங்கள். எல்71-க்கு மூன்று ஹோலி கார்புரேட்டர். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஜெட் அடைத்து, மேடைக்கு ஓட்டிப்போகும் அந்த ஒரு நிமிடத்தில் திணறும். முகப்பு விளக்கைச் சுழற்றும் மின்மோட்டார் இரண்டும் ஒன்றாகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். ஒற்றைக்கண் திறந்து நிற்கும் வண்டிக்கு யார் ஏலம் கேட்பார்கள்?

எங்கே விற்பது? ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் பாரட்-ஜாக்சன், கிஸ்ஸிமியில் மீகம். இணையத்தில் பிரிங் எ டிரெய்லர். பாரட்-ஜாக்சனில் பெரும்பாலான வண்டிகள் ரிசர்வ் விலை (இதற்குக் குறைந்தால் விற்பதில்லை என்ற விலை) இல்லாமல்தான் போகும். அங்கே நாளும் நேரமும்தான் விதி: சனிக்கிழமை மாலை கிடைக்கும் கூட்டம் வாரநாள் காலையில் கிடைக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த நேரத்துக்குப் பேரம் பேசுங்கள். ரிசர்வ் வைத்தால் யதார்த்தமாக வையுங்கள். போணியாகாத வண்டிக்குக் கடைசியாகக் கேட்ட விலை எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த முறை பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இணையத்தில் ஏலம் ஒரு வாரம் ஓடும். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடமாகும். 'ஒரு தரம், ரெண்டு தரம்' நீண்டுகொண்டே போகும். அங்கே கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்வதே பாதி வியாபாரம். பேட், வி.ஐ.என் தகடு, அடிப்பாகம், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் வீடியோ எல்லாவற்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கணக்கையும் பாருங்கள். சுத்தியல் 1,00,000 டாலரில் விழுகிறது, அதற்கு மேல் வாங்குபவர் கட்டும் பிரீமியம் 10 சதவீதம், நீங்கள் கொடுக்கும் கமிஷன் 8 சதவீதம் என்று வைப்போம். செய்தியில் 1,10,000 என்று வரும். உங்கள் கைக்கு 92,000. அதிலும் நுழைவுக் கட்டணம், டிரெய்லர் வாடகை கழியும். 2014-இல் ஸ்காட்ஸ்டேலில் ஒரு 1967 கார்வெட் 38.5 லட்சம் டாலருக்குப் போனதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அது பந்தயத்துக்கான எல்88 என்ஜின் வைத்தது. 1967-இல் அந்த வகையில் மொத்தமே 20 தான் செய்தார்கள். உங்கள் எல்71-க்கு அது அளவுகோல் ஆகாது. சீரமைப்பு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். லாபத்துக்கு வரி கணக்கிடும்போது அந்தச் செலவு உங்கள் அடக்கவிலையில் சேரும்.

கடைசியாக டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். அது உங்கள் பெயரில், வில்லங்கம் இல்லாமல், தகட்டில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். பழைய உரிமையாளர் கையெழுத்திட்டதை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயருக்கு மாற்ற வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஏலத்துக்குப் பதியும் முன்பே அதைத் தொடங்குங்கள். இணையத்தில் நேரடியாக விற்றால், பணம் கணக்கில் ஏறிவிட்டதை வங்கியை நீங்களே அழைத்து உறுதிசெய்த பிறகுதான் டைட்டிலில் கையெழுத்து. வங்கி எழுதித் தரும் கேஷியர் செக்கின் புகைப்படம் பணம் ஆகாது.