ஆசிரியர் தினத்துக்கு வீட்டிலயே சொக்லேட் ட்ரஃபிள் செய்து குடுக்கலாமோ, கிளிநொச்சி வெக்கைக்குக் கரைஞ்சு போகாதோ?

குடுக்கலாம். ட்ரஃபிள் எண்டது வழமையா சொக்லேட்டும் கிறீமும் சேத்து உருட்டுற சின்ன உருண்டை. ஆனா எந்த ட்ரஃபிள் எண்டதிலதான் விசயம் கிடக்கு.

ரெண்டு டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடம், ஒராள் மாற்றலாகி முல்லைத்தீவுப் பக்கம் போட்டா, ஒக்டோபர் 6க்கு மூண்டு பேருக்கும் பெட்டி குடுக்கோணும் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப ரெசிப்பியைத் தேடுறதுக்கு முதல் அந்தப் பெட்டி எந்த வழியால போய்ச் சேரப்போகுது எண்டதை யோசியுங்கோ. யூடியூப்பில பாக்கிற ட்ரஃபிள் எல்லாம் குளிர் நாட்டுக் குசினியில செய்யிறது, அங்க மேசையில வச்சாலே இறுகும், எங்கட பக்கம் ஒக்டோபரில பின்னேரம் மழை வந்தாலும் மத்தியானம் வேர்த்து ஊத்துற வெக்கைதானே.

கடைக் கண்டோஸ், அதுதான் சொக்லேட், கட்டியா நிக்கிறது கொக்கோ பட்டர் எண்ட கொக்கோக் கொட்டைக் கொழுப்பாலதான். அது 34 பாகை செல்சியஸ் அளவில உருகிப்போகும். அதுக்குள்ள கிறீமும் சேந்தா இன்னும் இளகும். பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போற ஏ35 ரோட்டில சனம் நிறைஞ்ச பஸ்ஸுக்குள்ள, மடியில வச்சிருக்கிற பெட்டிக்குள்ள 34 எல்லாம் காணாது, அதைத் தாண்டிடும். அதால முல்லைத்தீவு டீச்சருக்கு கிறீம் போட்ட ட்ரஃபிள் வேண்டாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரெண்டு பேருக்கு விருப்பம் எண்டா செய்யுங்கோ, அதுவும் அவையின்ர வீட்டுக்குப் பின்னேரம் கொண்டுபோய்க் கையில குடுத்து "பிரிட்ஜில வையுங்கோ" எண்டு சொல்ல ஏலும் எண்டா மட்டும்.

மூண்டு பேருக்கும் ஒரே சாமான்தான் குடுக்கோணும் எண்டா என்ர தெரிவு ரின்பால் (கண்டென்ஸ்ட் மில்க்) ட்ரஃபிள். பிரேசில்காரர் இதை பிரிகடெய்ரோ எண்டு சொல்லிப் பிறந்தநாளுக்கெல்லாம் உருட்டுவினம், அங்கயும் வெக்கைதான். இதில உருண்டையை இறுக்கிப் பிடிக்கிறது கொக்கோ பட்டர் இல்லை, வத்திக் காய்ஞ்ச பாலும் சீனியும், அதாலதான் பஸ்ஸிலயும் நிக்கும். வீட்டில பால்ரொபி கிண்டுற கை ஒண்டு இருந்தா இது ஒரு வேலையே இல்லை, ரொபிப் பதத்துக்குக் கொஞ்சம் முதலே இறக்கிறது, சீனி மேலதிகமாப் போடுறேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரின்பால் ஒரு ரின், கொக்கோ பவுடர் நாலு மேசைக்கரண்டி, பட்டர் ஒரு மேசைக்கரண்டி. உப்புப் பட்டர் எண்டா தனிய உப்பு வேண்டாம். மாஜரினிலயும் வரும், ஆனா அந்த மணம் சொக்லேட்டோட சேராது எண்டதுதான் என்ர அபிப்பிராயம், பரிசுக்குக் குடுக்கிறதில அந்தக் காசை மிச்சம் பிடிக்காதேங்கோ. கொக்கோவை அரிச்சுப்போட்டு அடுப்பை மூட்ட முதலே ரின்பாலோட குழைச்சுவிடுங்கோ, சூடாக்கினாப் பிறகு கொட்டினா சின்னச் சின்னக் கட்டியா நிண்டிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அடி தடிச்ச தாச்சி, சின்ன நெருப்பு, கையெடுக்காமல் கிண்டுறது. பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில தடிக்கும். மரக்கரண்டியால நடுவால ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ, தாச்சியின்ர அடி தெரிஞ்சு, ரெண்டு பக்கத்தாலயும் உடன வந்து மூடாமல் ஆறுதலா வந்து சேந்தா பதம். குளிர் நாட்டுக்காரர் அதோட இறக்குவினம், நாங்கள் இன்னும் ஒரு நிமிசம் சேத்துக் கிண்டுறது நல்லம். பட்டர் பூசின தட்டில ஊத்தி நல்லா ஆற விடுங்கோ. சின்னதா உருட்டினா 25, 30 வரும்.

உருட்டேக்க ஒரு கரைச்சல் இருக்கு. ஃபானைப் போட்டா கொக்கோ பவுடர் பறந்து மேசை, சட்டை, மூக்கு எல்லாம் ஏறும், ஃபானை நிப்பாட்டினா உள்ளங்கை வேர்த்து உருண்டை கையோட ஒட்டும். விடியக்காலமை ஐஞ்சு மணிக்கு எழும்பி உருட்டினா ரெண்டு பிரச்சினையும் இல்லை. ஏலாது எண்டா பக்கத்தில ஐஸ் தண்ணிக் கோப்பை வச்சுக் கையை முக்கி வடிவாத் துடைச்சுப்போட்டு உருட்டுங்கோ.

மேல பிரட்டுறதுக்கு எல்லாரும் கொக்கோ பவுடர்தான் சொல்லுவினம், எனக்கு அது பிடிக்கேல்லை. எங்கட புழுக்கத்துக்கு அது ஈரம் இழுத்துக் கறுத்துப்போய்ச் சேறு பூசின மாதிரி நிக்கும். வறுத்த கச்சானைத் தோல் நீக்கி உரலில ரெண்டு இடி இடிச்சு, மாவாக்காமல் குறுணியா எடுத்துப் பிரட்டிப் பாருங்கோ, கடிக்கேக்க முதல் மொறுமொறுப்பும் பிறகு அந்தக் கசப்பு இனிப்பும் வரும். வறுத்த எள்ளும் நல்லாயிருக்கும். ரெண்டும் எங்கட மண்ணில விளையிற சாமான், சந்தையிலயே வாங்கலாம். பச்சைத் தேங்காய்ப்பூ மட்டும் வேண்டாம், புளிச்சிடும். கச்சான் போட்டா பெட்டியில எழுதிவிடுங்கோ, டீச்சர்மார் தாங்கள் மட்டும் சாப்பிடமாட்டினம், பிள்ளையளுக்கும் குடுப்பினம், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒண்டு இருந்தா அந்தரமாப் போயிடும்.

இனி கிறீம் ட்ரஃபிள். கறுப்பு சொக்லேட் 200 கிராமுக்குக் கிறீம் 100 கிராம், பால் சொக்லேட் எண்டா அதே கிறீமுக்கு 250, 300 போடோணும். சொக்லேட்டைப் பொடியா வெட்டி வச்சு, கிறீமைக் கரையில குமிழி வாற அளவுக்குச் சூடாக்கி மேல ஊத்தி, ரெண்டு நிமிசம் தொடாமல் விட்டிட்டு நடுவில இருந்து கலக்குங்கோ. எண்ணெய் மிதந்தா பயப்பிடாதேங்கோ, இளஞ்சூட்டுப் பால் ஒரு கரண்டி விட்டுக் கலக்கச் சேந்திடும். கேக் சாமான் கடையில கிறீம் எண்டு சொல்லித் தாறது கனக்க மரக்கொழுப்பு ரொப்பிங், அது கேக்குக்கு மேல பூசுறதுக்குச் சரி, இதுக்கு வேண்டாம், இளகின இனிப்புக் களியா வரும். கிறீம் கிடைக்காட்டி தண்ணி விடாமல் பிழிஞ்ச முதல் தேங்காய்ப்பால் பாவியுங்கோ, 100க்குப் பதிலா ஒரு 85 காணும், கொதிக்க விட்டாத் திரையும், கை பொறுக்காத சூட்டோட இறக்குங்கோ. சொக்லேட் வாங்கேக்கயும் லேபிளைப் பாருங்கோ, கொக்கோ பட்டருக்குப் பதிலா மரக்கொழுப்பு எண்டு இருந்தா அது கொம்பவுண்ட், வெக்கைக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும் எண்டது உண்மைதான், ஆனா நாக்கில மெழுகு மாதிரி நிக்கும். கிறீம் போட்டது பிரிட்ஜில ஒரு கிழமை, தேங்காய்ப்பால் போட்டது மூண்டு நாள். ரின்பால் உருண்டை வெளியில ரெண்டு நாள் நிக்கும்.

எறும்பு இருக்கே, அது கரையிறதை விடப் பெரிய பிரச்சினை. உருட்டின தட்டைத் தண்ணி விட்ட தாம்பாளத்துக்கு நடுவில ஒரு கிண்ணத்தைக் கவிட்டு அதுக்கு மேல வையுங்கோ. பெட்டிக்குள்ள ஒவ்வொண்டையும் சின்னக் கடதாசிக் கப்பில வச்சு, மூடியைச் சுத்தி ரேப் ஒட்டிவிடுங்கோ, ரிபன் அதுக்கு மேல கட்டலாம்.

முல்லைத்தீவுப் பெட்டி விடிய முதல் பஸ்ஸில போகட்டும், ட்ரைவருக்குப் பக்கத்தில என்ஜின் சூட்டில வைக்க விடாதேங்கோ. அதோட டீச்சருக்கு முதல் நாளே ஒரு கோல் எடுத்து அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நிப்பாவோ எண்டு கேட்டிடுங்கோ, விழா எண்டு வேற எங்கயாவது போட்டா எண்டா பெட்டி ஒபிஸ் மேசையில கிடக்கும், மற்ற டீச்சர்மார் விடுவினமோ?