உப்புத் தண்ணீர் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கெடிலம் பெருகினால் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறிவிடும். வடிந்த பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், அந்த நெடியில் மகனுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. உப்புத் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கும் மெஷின் என்று ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். ‘கெமிக்கலே கிடையாது, அப்பாவின் சர்க்கரைப் புண்ணிலும் அடிக்கலாம்’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. கெமிக்கலே கிடையாது என்பது வியாபாரப் பேச்சு. பெயரிலேயே அமிலம் இருக்கிறதே!

நம் ரத்தத்தில் உள்ள நியூட்ரோபில் என்ற வெள்ளையணு, பாக்டீரியாவை விழுங்கியதும் இதே அமிலத்தைத் தனக்குள் தயாரித்துத்தான் அதை அழிக்கிறது. குடிநீரில் குளோரின் கலக்கும்போது கிருமியைக் கொல்வதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே உங்கள் ப்ளீச்சிங் பவுடரும் இந்த மெஷின் தண்ணீரும் ஒரே குடும்பம். பிஎச் அளவில்தான், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணில்தான் வித்தியாசம். பிஎச் 5, 6 என்றிருந்தால் கரைசலில் உள்ள குளோரின் ஏறக்குறைய முழுவதும் ஹைப்போகுளோரஸ் அமிலம். 7.5-இல் பாதிக்குப் பாதி. 9-ஐ எட்டினால் பெரும்பகுதி ஹைப்போகுளோரைட் என்ற எதிர்மின் அயனியாகிவிடும். கிருமியின் மேலுறையும் எதிர்மின் கொண்டது என்பதால் அயனி எளிதில் அண்டாது. மின்னூட்டம் இல்லாத அமிலமோ நேரே உள்ளே புகுந்துவிடும்; குறைந்த அளவிலேயே வேலை முடியும். கொரோனா காலத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கிருமிநாசினிப் பட்டியலில் இதுவும் இருந்தது.

சிக்கல் மெஷினில். தடுப்புச் சவ்வு இல்லாத ஒரே பாத்திரத்தில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் கிடைப்பது காரத்தன்மையுள்ள கரைசல், அதாவது நீர்த்த ப்ளீச். அதைச் சரிக்கட்ட வினிகர் ஊற்றச் சொல்வார்கள். அளவு மீறினால் குளோரின் வாயு கிளம்பும். இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். விற்பவர் அடுத்த முறை வரும்போது, தயாரான தண்ணீரில் பிஎச் தாளையும் குளோரின் ஸ்ட்ரிப்பையும் உங்கள் கண்முன் நனைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாள் நீலப்பச்சைக்குப் போனால் அது காரம்; வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். உங்கள் போர் தண்ணீர் கடினநீர் என்றால் மின்முனையில் உப்பும் படியும்.

வெள்ளச் சேற்றின் மேல் இதை அடிப்பது வீண். சேறு, சாக்கடைக் கசடு, பால், ரத்தம் எதுவானாலும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் சேற்றை வழித்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் கிருமிநாசினியைத் தெளித்து, லேபிளில் சொன்ன நேரம் தரை ஈரமாகவே இருக்கட்டும். தெளித்த கையோடு துடைத்தால் பலனில்லை. ப்ளீச்சிங் பவுடரையே தொடர்வதானால், தூளாகத் தூவாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள். மகனை அதுவரை பக்கத்து வீட்டில் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எந்தக் கரைசலையும் புகைபோல அறையில் அடிக்க வேண்டாம். 2020-இல் திருப்பூர் தொடங்கிப் பல ஊர்களில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்து ஆட்கள் மேலேயே தெளித்தார்களே, அப்படி மனிதர்மேல் அடிக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொல்லிவிட்டது.

அப்பாவின் புண் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மருந்துத் தரத்தில் 0.01 சதவீதக் கரைசல் உண்டு. கண்ணிமையைச் சுற்றியுள்ள தோலில் அதைத் தெளித்த 20 நிமிடத்தில் பாக்டீரியா 99 சதவீதத்துக்கு மேல் குறைந்ததை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது புண்ணில்லாத தோல். சர்க்கரைப் பாதப் புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிநாசினிகளைப் போட வேண்டாம் என்பது, பாத நோய்க்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல். அந்தப் புண் ஆறத் தேவைப்படுவது சர்க்கரைக் கட்டுப்பாடு, காலுக்குச் சரியான ரத்த ஓட்டம், அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்வது, செத்த சதையை எடுப்பது. கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். வெள்ளத் தண்ணீரில் அவர் கால் வைக்கவே கூடாது.

ஹைப்போகுளோரஸ் கரைசலைக் கடையில் பாட்டிலாக வாங்குவதானால் தயாரித்த தேதி, பிஎச், குளோரின் அளவு மூன்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வெயிலிலும் சூட்டிலும் வீரியம் போய்விடும் சரக்கு இது. ஒளி புகாத பாட்டிலில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு இதையோ ப்ளீச்சையோ கலந்துவிடாதீர்கள்.