அப்பாவோட பிஎஸ்ஏ 3.4, 'நார்மல்'தானே, எம்ஆர்ஐ எதுக்கு?

பிஎஸ்ஏன்னா புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்கலாமான்னு பார்க்க உதவற ரத்தப் பரிசோதனை. அந்த 3.4-ஐ இரண்டால் பெருக்குங்க. அப்பாவுக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய எண் ஏறக்குறைய 6.8. ரிப்போர்ட்டில் '4 வரை நார்மல்'னு அச்சடிச்சிருக்கறது அப்பா சாப்பிடற டூட்டாஸ்டரைடு மாதிரி மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு. டாக்டர் எம்ஆர்ஐ கேட்டது அதனாலதான் இருக்கும்.

புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு வருஷமா டூட்டாஸ்டரைடுன்னு எழுதியிருக்கீங்க. அதுவும் ஃபினாஸ்டரைடும் ஆறு மாசம் தாண்டினா பிஎஸ்ஏவைப் பாதியாக்கிடும். அதே வீக்கத்துக்குத் தர்ற டாம்சுலோசின் அப்படிச் செய்யாது. ஆனா டூட்டாஸ்டரைடும் டாம்சுலோசினும் சேர்ந்த மாத்திரையும் உண்டு, சாப்பிடறவருக்கே பல நேரம் தெரியாது. இதைப் படிக்கற மத்தவங்களும் அட்டையோட பின்பக்கத்தைப் பாருங்க.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியா அடுக்குங்க. மாத்திரை தொடங்கி இறங்கின எண் திரும்ப ஏறியிருந்தா, டாக்டர் முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

எம்ஆர்ஐ வீண் செலவில்லை. 2018-ல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்ஆர்ஐ எடுத்த குழுவில் 38 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படக்கூடிய புற்று பிடிபட்டது. நேரே பயாப்ஸிக்கு (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கறதுக்கு) போன குழுவில் 26.

ஒண்ணு: சமீபத்தில் சிறுநீர்த் தொற்றோ கதீட்டரோ (சிறுநீர் வெளியேற வைக்கற குழாய்) இருந்திருந்தா பிஎஸ்ஏ அதனாலேயே ஏறும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. டெஸ்ட்டுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.