ஊசி உடைந்தால் முதலில் யாரிடம் சொல்கிறார்கள்? தையல் லைன் சூப்பர்வைசர்களுக்குக் கேள்வி பதில்

1989-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுத்துக் கொடுக்கும் உதவி ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் ஓவர்லாக் டெய்லர், லைன் சூப்பர்வைசர், கடைசிப் பத்து வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர். இப்போது வீட்டில் இருக்கிறேன். லைனை நடத்துவது, ஆட்களை நடத்துவது இரண்டைப் பற்றியும் கேளுங்கள். வரி, வங்கிக் கடன், பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) பிடிப்பது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

கேள்வி: ஆறு வருடம் ஒரே லைனில் ஃப்ளாட்லாக் தையல் மெஷின் ஓட்டினேன். போன மாதம் அதே லைனுக்கு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். நேற்று வரை "மாப்ளே" என்று கூப்பிட்டவர்கள் நான் வேலை சொன்னால் சிரிக்கிறார்கள். யாரும் மதிப்பதில்லை. என்ன செய்வது அண்ணா?

சிரிக்கட்டும் தம்பி. குரலை மாற்றிப் பேசினால் இன்னும் சிரிப்பார்கள்.

அந்த லைனில் உங்கள் இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்த மூத்த டெய்லர் ஒருவர் கட்டாயம் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள், டீ நேரத்தில், தனியாக. சமாதானம் பேச வேண்டாம். "இந்த லைனில் எது வேலையை நிறுத்துகிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும், எதை முதலில் சரி செய்யலாம்?" என்று கேளுங்கள். பெரிய விஷயம் எதையும் சொல்ல மாட்டார். ஃபேன் ஓடவில்லை, மெஷின் விளக்கு மங்கல், துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் தேய்ந்துவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அரை மணி நேரம் ஆகிறது என்பார். அதில் ஒன்றையாவது இரண்டு நாளில் முடித்துக் காட்டுங்கள். நீங்கள் வந்த பிறகு வேலை கொஞ்சம் சுலபமானது என்று லைன் பார்த்துவிட்டால் பாதிச் சிரிப்பு நின்றுவிடும்.

மீதிப் பாதி உங்கள் நெருங்கிய நண்பர் கையில் இருக்கிறது. அவர் முதல் தடவை பத்து நிமிடம் லேட்டாக வரும்போது மொத்த லைனும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். இன்று இரவே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: "நாளையிலிருந்து உன்னையும் கேட்பேன், கோபப்படாதே."

ஒரு எச்சரிக்கை. இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன். குறை சொல்வதென்றால் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். லைன் நடுவில் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ரவுண்ட் நெக் டி-ஷர்ட். மணிக்கு 120 பீஸ் டார்கெட், 80-ஐத் தாண்டவில்லை. எல்லாரும் மெதுவாக அடிக்கிறார்கள். எப்படி வேகப்படுத்துவது?

"எல்லாரும்" என்பதை நான் நம்ப மாட்டேன். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினிலும் ஐந்து பீஸுக்கு நேரம் எடுத்து மணிக்கு எத்தனை என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் இப்படி ஏதாவது வரும்: ஷோல்டர் 150, கழுத்துப் பட்டி (ரிப்) 82, ஸ்லீவ் 125, சைடு 115, பாட்டம் மடிப்பு 130. இந்த லைனிலிருந்து மணிக்கு 82 பீஸ்தான் வெளியே வரும். ஷோல்டர் அடிப்பவரை எவ்வளவு விரட்டினாலும் ரிப் மெஷின் முன்னால் பண்டல் மலையாகக் குவியுமே தவிர, ஒரு பீஸ் கூடாது. ஸ்டாப்வாட்ச் எடுக்கச் சோம்பலாக இருந்தால் பண்டல் எங்கே குவிகிறது என்று பாருங்கள். அதற்கு அடுத்த மெஷினில்தான் அடைப்பு.

இப்போது அந்த ரிப் டெய்லர் பின்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். பண்டலை அவரே எடுத்து வருகிறாரா? முடிச்சை அவரே அவிழ்க்கிறாரா? ரிப் வளையத்தை அவரே திருப்பி அடுக்குகிறாரா? அதையெல்லாம் கைமடியிடம் கொடுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு மெஷின் போடுங்கள். ரிப் 130-க்கு ஏறிவிட்டால் லைன் 115-க்கு வரும், ஏனென்றால் அடுத்த அடைப்பு சைடு. 120 வேண்டுமென்றால் அங்கேயும் போய் நிற்க வேண்டும்.

மணிக்கணக்கு போர்டில் நேரம், எண்ணிக்கை இரண்டும் எழுதுகிறீர்கள். மூன்றாவதாக "ஏன் குறைந்தது" என்று ஒரு கட்டம் போடுங்கள். அதில் "ஆள் மெதுவு" என்று எழுதக் கூடாது. "கட்டிங்கிலிருந்து ரிப் 40 நிமிடம் லேட்" என்று எழுதுங்கள். மேலே போய்ப் பேசும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

கேள்வி: ஜூனியர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. மதிப்பு வாங்குவது எப்படி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை சம்பளம் கொடுத்தால் திங்கட்கிழமை கால்வாசி ஆள் வருவதில்லை.

இது நான் லைனில் சேர்ந்த காலத்துக்கு முன்னாலேயே இருக்கும் வியாதி. முழுசாகத் தீராது, குறைக்கலாம். யார் யாருக்கு எந்தெந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது மூன்று பேருக்குக் கை பழகியிருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு அதிக மெஷின் வேண்டாத ஸ்டைலை ஏற்றுங்கள். செவ்வாய்க்கிழமை வருபவரிடம் "ஏன் வரலை" என்று கேட்பதற்கு முன்னால் "நல்லா இருக்கீங்களா" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு ஊர் பஸ், பிள்ளை காய்ச்சல் என்று நிஜமான காரணம் இருக்கும். மீதிப் பேருக்குக் கூச்சமாவது வரும்.

கேள்வி: வேலையை விட்ட பிறகு பி.எஃப். பணம் எடுப்பது எப்படி?

பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. புதுசாக வருபவருக்கு வேலை கற்றுக்கொடுக்கவே முடியவில்லை.

நல்ல கேள்வி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940-லிருந்து 1945 வரை, அமெரிக்க அரசு ஆலை மேஸ்திரிகளுக்காகவே ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. பழைய ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள், வேலையே தெரியாதவர்கள் ஆலைக்குள் வந்தார்கள். அதில் கற்றுக்கொடுத்த நாலு படிகள் போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவிலும் ஊன்றிவிட்டன. ஆளைத் தயார்படுத்து. செய்து காட்டு. செய்யவிட்டுப் பார். அப்புறம் விட்டுவிடாமல் வந்து வந்து கவனி. அவர்கள் வைத்திருந்த வாசகம்: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் ஆட்கள் இரண்டாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தடவை வேகமாக அடித்துக் காட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் அந்தப் பையன் தலையாட்டுவான். தலையாட்டல் எந்த மொழியிலும் நம்பத் தகுந்ததில்லை. நான் செய்தது இது: மெதுவாக மூன்று தடவை அடித்துக் காட்டுவேன். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை கை வைக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். மூன்றாவது தடவை, தப்பாக வந்த பீஸையும் சரியான பீஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். அப்புறம் அவன் அடிக்க வேண்டும், எது முக்கியம் என்று அவன் விரலால் எனக்குக் காட்ட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் ஒரு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். மொழி பெரிய தடையாகவே இல்லை. மெஷினில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பதும், சரியான பீஸை மெஷின் மேலேயே தொங்கவிடுவதும் பாதி வேலையைச் செய்துவிடும்.

எண்களையும், "நிறுத்து", "ஊசி", "அடிபட்டதா?" என்ற வார்த்தைகளையும் மட்டும் அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். அடிபட்டதைச் சொல்லத் தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: தப்பு செய்தால் எல்லார் முன்னாலும் திட்டினால்தானே மற்றவர்களுக்கும் பயம் வரும்?

வரும். பயத்தோடு வேறு ஒன்றும் வரும்.

நான் சூப்பர்வைசராகி இரண்டு வருடம் இருக்கும். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு டெய்லர் அம்மா ஒரே நாளில் மூன்றாவது ஊசியை உடைத்தார். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும், ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும், அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்தப் பண்டலையே ஒதுக்கி வைத்து மெட்டல் டிடெக்டரில் போட வேண்டும். எனக்கு அன்று அவசரம். லைன் நடுவில் நின்று கத்தினேன். "சம்பளம் வாங்கிட்டு ஊசி உடைக்கவா வர்றே" என்ற மாதிரி. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை.

அடுத்த இரண்டு வாரம் என் லைனில் ஒரு ஊசிகூட உடையவில்லை. ரெஜிஸ்டர் சுத்தம். நான் பெருமைப்பட்டேன். அப்புறம் பேக்கிங்கில் டிடெக்டர் கத்தியது. குழந்தைகள் பனியன், சைடு தையலுக்குள் ஊசி முனை. என்ன நடந்தது என்று விசாரித்தால், ஊசிகள் உடைந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. பக்கத்து லைனில் கடன் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் வந்து சொல்ல யாருக்கும் துணிவில்லை. கட்டிய பெட்டிகள் அத்தனையையும் பிரித்து விடிய விடியப் பார்த்தோம்.

ஊசி ஏன் உடைந்தது தெரியுமா? துணி கனத்துக்கு ஊசி சைஸ் பொருந்தவில்லை. அந்த அம்மாவிடம் அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து ஒரு சூப்பர்வைசரை எடைபோட நான் பார்ப்பது ஒன்றுதான்: கெட்ட செய்தி அவரிடம் எத்தனை நிமிடத்தில் வருகிறது?

ஒரு யூனிட் மேனேஜர்: கேட்க நன்றாக இருக்கிறது சார். எனக்கு 22 வருட அனுபவம். ஷிப்மென்ட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது கத்தாமல் சரக்கு வெளியே போனதாக நான் பார்த்ததே இல்லை.

கத்தினால் அன்று சாயங்காலம் பீஸ் கூடும் சார், ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் காலை ஆல்ட்ரேஷன் மூட்டையை, அதாவது தப்பாகத் தைத்துத் திரும்பி வந்த பீஸ்களை, எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு வாரம், கத்திய நாள், கத்தாத நாள் என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள்.

மேனேஜர்: ஆல்ட்ரேஷனைச் செக்கிங்கில் பிடித்துவிடலாம். கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தப் பணத்தை யார் கட்டுவது? நான் இனிமையாகப் பேசினேனா என்று பையர் கேட்பாரா?

கேட்க மாட்டார். நான் கேட்கிறேன்: மூன்று நாள் மட்டும் மிச்சம் என்ற நிலைமைக்கு எப்படி வந்தீர்கள்? சாயப்பட்டறையில் ஷேட் (நிறம்) மாறியது யாருக்காவது பத்து நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அம்மா: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மேனேஜரும் இப்படித்தான் கத்துவார். துணி ரோல்களில் நிறம் வேறு வேறாக இருந்ததை இரண்டு பேர் பார்த்தோம். சொன்னால் "உன் வேலையைப் பார்" என்பார் என்று விட்டுவிட்டோம். முன்பக்கம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று தைத்து வந்த பிறகுதான் அவர் பார்த்தார்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மேனேஜர்: தெரிந்தும் சொல்லாதது ஒழுங்கீனம். அந்த இரண்டு பேரையும் வேலையை விட்டு எடுக்க வேண்டும்.

எடுத்துவிட்டால் அடுத்த தடவை பார்க்கிற கண்ணும் போய்விடும். டொயோட்டா ஆலையில் லைன் ஓரமாகக் கயிறு கட்டினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார். அவர் கேட்கும் முதல் கேள்வி "எவன் இழுத்தான்" என்றால் அந்தக் கயிறு வெறும் கொடிக்கயிறு, துணி காயப்போடலாம்.

ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன் சார். கை ஊசிக்கு அடியில் போகும்போது, ஒயர் புகையும்போது, தொண்டை கிழியக் கத்துங்கள். மற்றபடி நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: நானும் புது சூப்பர்வைசர். சொன்ன பேச்சைக் கேட்க வைப்பது எப்படி?

மூன்றாவது தடவை இது. முதல் பதில், ஊசிக் கதை, இரண்டையும் படியுங்கள். நீங்கள் அவர்கள் பேச்சைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்றும் யோசியுங்கள்.

கேள்வி: நான் கோவையில் ஐ.டி. டீம் லீட். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

உங்கள் மெஷின் எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் திட்டாதீர்கள், அது பொருந்தும்.

கேள்வி: ஒரு பெண், மெக்கானிக் தன்னிடம் தப்பாக நடப்பதாக என்னிடம் மட்டும் சொல்கிறார். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாமா?

கூடாது. இதில் பஞ்சாயத்து பேச உங்களுக்கு அதிகாரமே இல்லை. 2013-ம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளக புகார் குழு இருக்க வேண்டும், தலைவராக ஒரு பெண் இருக்க வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண் எழுத்தில் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். சமரசம் என்பதைக் கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். நீங்கள் செய்ய வேண்டியது: நம்புங்கள், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், விருப்பமென்றால் கூடப் போங்கள். வேறு யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். "பாதுகாப்புக்காக" என்று அவரை வேறு லைனுக்குத் தூக்கிப் போடாதீர்கள், அது அவருக்குத் தண்டனை.

கேள்வி: முதலாளியின் மச்சினன் என் லைனில் பண்டல் கட்டும் வேலையில் இருக்கிறான். எதுவும் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு மணிக்கணக்கு போர்டு எழுதும் வேலையைக் கொடுங்கள். காரணம் எழுதும் கட்டத்தையும் அவனே நிரப்பட்டும். எங்கள் கம்பெனியில் கட்டிங் லேட் முதலாளி காதுக்குப் போனது இப்படித்தான்.

கேள்வி: நான் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் டெய்லர். சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் மாதச் சம்பளம் சீசனில் நான் வாங்குவதைவிடக் குறைவு. போகலாமா சார்?

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள் அம்மா. சீசன் மாதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். வேலை இல்லாமல் உட்கார்ந்த வாரங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். பலருக்கு வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும், சிலருக்கு நிஜமாகவே நஷ்டம்.

மூன்று விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாளில் லைன் முடியும் வரை நீங்களும் நிற்க வேண்டுமா, அதற்குத் தனிச் சம்பளம் உண்டா? மூன்று மாதம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் பழைய மெஷின், பழைய ரேட் கிடைக்குமா? ஆள் வராத மெஷினில் நாள் முழுக்க உங்களை உட்கார வைப்பார்களா? மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால் அது சூப்பர்வைசர் வேலை இல்லை, மாதச் சம்பளத்துக்கு டெய்லர் வேலை.

கம்பெனி பேர் வேண்டாம். பன்னிரண்டு மாதக் கணக்கையும் அவர்கள் சொன்ன தொகையையும் மட்டும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.